இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஜராய்

ஜாலிகுண்டா சுகாதார நிலையத்தில் பெண்குலம் முழுவதையும் இரண்டு பெஞ்சுகளில் அடக்கியிருந்தார்கள். மாமரத்தடிப் பெஞ்சு குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு. வேப்பமரத்தடிப் பெஞ்சு வேண்டாம் என்பவர்களுக்கு. மாமரத்தடியில் உட்கார்ந்தால் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் பிள்ளையைத் தள்ளிப்போடும் ஊசியோ மாத்திரையோ கிடைக்கும். இவ்வளவு தெளிவான ஏற்பாட்டைக் காம்பியா ஆற்றின் தென்கரை அதற்கு முன் கண்டதில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்தால் சுற்றுப்பட்ட ஊர்ப் பெண்களெல்லாம் வந்து, தாங்கள் இன்னார் என்று ஐயமறத் தெரிந்துகொண்டு, உரிய மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள்.

ஜராய் சொன்கோ மட்டும் நடுவில், வெயிலில் நின்றாள்.

நெடுநெடுவென்று வளர்ந்தவள்; அப்படி வளர்ந்ததற்காக எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பதுபோல் சற்றுக் குனிந்தே நடப்பாள். குரலோ அதைவிடப் பணிவு. "என் மருமக பேசறது காதுல விழணும்னா மொதல்ல கோழிய வெரட்டணும்" என்பாள் மாமியார்.

நிலையத்துக்குப் பொறுப்பு சிஸ்டர் ஃபிலோமினா மெண்டி. மஞ்சாகோ இனத்துக் கத்தோலிக்கப் பெண். கழுத்தில் சிலுவை, இடுப்பில் சாவிக்கொத்து, நடையில் அரசாங்கம். அந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை என்பதால் முஸ்லிம் பெரியவர்கள்கூட அவளுக்கு எழுந்து வழிவிடுவார்கள்.

"ஏன்டி நடுவுல நிக்கறே? குழந்தை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சிஸ்டர்."

"அப்போ மாமரம்."

"எனக்கு ஊசி வேணும்."

"அப்போ வேப்பமரம்."

"குழந்தை வேணும் சிஸ்டர். அதனாலதான் ஊசி வேணும்."

சிஸ்டர் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"உனக்கு உயிரோட எத்தனை பிள்ளை?"

ஜராய் தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட இல்லையா? ஒண்ணுமே இல்லாதவளுக்கு நான் ஊசி போட்டா உன் மாமியார் என்னை ஒலக்கையால போடுவா. போ, முதல்ல ஒண்ணைப் பெத்துட்டு வா."

இரண்டு பெஞ்சும் சிரித்தன. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு மரத்துக்கும் ஒற்றுமை.

பெற்றுவிட்டுத்தான் வந்திருந்தாள் ஜராய். முதலாவது, நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது அரை வயிற்றில் சேற்றிலேயே போயிற்று. இரண்டாவது நிறைமாதத்தில் பிறந்தது, அழவில்லை. மூன்றாவது நன்றாக அழுதது, பாலும் குடித்தது. எட்டாம் நாள் பெயர் வைக்க வேண்டும் என்று கணவன் ஃபமாரா சந்தையிலிருந்து ஒரு செம்மறிக் கிடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். பெயர் வைப்பதற்கு முந்தின நாள் பிள்ளை கண்ணை மூடிவிட்டது. கிடா பிழைத்துக்கொண்டது. "அது பேரு வெக்கிற கிடா, வேற எதுக்கும் அறுக்கக் கூடாது" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டதால் பக்ரீதும் அதன் தலைக்குமேலேயே வந்துபோயிற்று. முற்றத்தில் கட்டிக்கிடந்து, கடலைக்கொடி தின்று, அந்த ஊரில் கவலையே இல்லாத ஒரே ஜீவனாக அது கொழுத்துக்கொண்டிருந்தது.

ஜராய்க்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கிடாவை அறுக்கிற ஒரு நாள். அதற்கு வழியையும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்றைச் சுமந்ததில் உடம்பு தளர்ந்துவிட்டது, ரத்தம் வெளுத்துவிட்டது. கொஞ்ச காலம் சும்மா விட்டால் தேறிக்கொள்ளும். ஃபமாராவோ நல்லவன், பிரியமானவன். பக்கத்தில் படுத்துக்கொண்டே சும்மா விடத் தெரியாதவன். ஆகவே ஊசி.

இரண்டாம் முறை அவள் முறையாக, சான்றோடு போனாள். பக்கத்து வீட்டுக்காரியின் ஆண்குழந்தையை இரவல் வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு, நேராக வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். முறை வந்தது.

"எத்தனை பிள்ளை?"

"நாலு" என்றாள் ஜராய். இரவல் வாங்குகிறபோது ஒன்றோடு நிறுத்துவானேன்.

சிஸ்டர் முகம் மலர்ந்தது. ஊசியை எடுத்து மருந்தை உறிஞ்சினாள். அதுவரை ஒழுங்காகத் தூங்கிய பையன் அப்போது பார்த்து விழித்து, மருந்து வாசனைக்கு முகத்தைச் சுளித்து, ஊர் அதிரக் கத்தினான். அமர்த்தலாம் என்று சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். பையனின் காதோரத்தில் ஒரு பெரிய மச்சம்.

"இவனைப் போன வாரம்தானே எடை போட்டேன்! அப்போ வேற முதுகுல இருந்தானே?"

பையன் நடந்ததையெல்லாம் ஒத்துக்கொள்வதுபோல் இன்னும் ஓங்கி அழுதான். சிஸ்டர் ஊசியை மூடினாள்.

ஜராய் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. ஃபமாரா வேலியோரம் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி செருகிக்கொண்டிருந்தான்.

"ஊசி கேட்டியாமே?"

"கேட்டேன்."

"பிள்ளை வேண்டாம்னு போடற ஊசியா?"

ஜராய் ஏதோ சொன்னாள். நீளமாகவே சொன்னாள். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கோழிகள் கொக்கரித்தன. ஃபமாராவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் மண்வெட்டியைச் சாத்திவைத்துவிட்டு, சாயங்கால டீக்கு வேறு வீட்டு வாசலுக்குப் போய்விட்டான். அங்கே அவனுடைய அண்ணன் இருந்தார். தம்பி மனைவிகளைப் பற்றித் தீர்க்கமான கருத்துகள் உள்ளவர். "கடலை வித்து முடியட்டும்டா. இன்னொருத்தியப் பாப்போம். இவ வயித்துலயும் வெக்க மாட்டேங்கறா, வாயத் தொறந்து காரணமும் சொல்ல மாட்டேங்கறா" என்றார்.

மாமியார் மட்டும் சத்தம் போடவில்லை. மறுநாள் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தீடாவின் வீட்டுக்கு நடந்தாள்.

தீடா கன்யலெங் பெண்களின் தலைவி. பிள்ளை தங்காத பெண்கள், பிள்ளையே வராத பெண்கள் எல்லாரும் சேர்ந்த கூட்டம் அது. அவர்கள் இறைவனிடம் அழுவதில்லை. அழுதுபார்த்தவர்கள்தான் அங்கே வந்து சேருவார்கள். அவனைச் சிரிக்கவைத்துக் காரியம் சாதிப்பது அவர்கள் வழி. கிழிந்த சாக்கை உடுத்துவார்கள், ஆண்களின் கால்சட்டையைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள், காலி டின்களை மாலையாகக் கோத்துப் போடுவார்கள், விருந்து வீட்டில் அடிச்சட்டியைப் பிடுங்கி வழித்துத் தின்பார்கள். யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால் கோபித்தவருக்குத்தான் கேடு. ஒரு சட்டம் மட்டும் அவர்களுக்கு உண்டு: பிள்ளை வேண்டும் என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சாவு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும்.

தீடா, கதவை அடைத்து நிற்கும் பெரிய உடம்புக்காரி. புதைத்தவை பல, தங்கியது ஒரு மகள். தீடா ஜராயை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாடி வா. இன்னொரு ஓட்டைக் குடுவையா?"

அதுவே பெயராகிவிட்டது. அன்றிலிருந்து ஜராய் என்று யாரும் கூப்பிடவில்லை. பழைய பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் சாவு வந்து தேடினால் ஆள் கிடைக்கக் கூடாதல்லவா.

ஓட்டைக் குடுவை முதல் இரண்டு கூத்திலும் தீடாவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். மூன்றாவதில், ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளையின் பாட்டனாரைப் பார்த்து, "என்னங்க, உங்களுக்குத்தான் கல்யாணம்னு நெனச்சு கோலாக்கொட்டை மடிச்சு வெச்சிருந்தேனே" என்று சொல்லிவிட்டாள். சொன்ன குரல் யாருடையது என்று அவளே திரும்பிப் பார்த்தாள். கூட்டம் உருண்டு சிரித்தது. பாட்டனார் வெட்கப்பட்டார். இத்தனை வருடம் தொண்டைக்குள் மடித்து வைத்திருந்த குரல், மடிப்புக் கலையாமல், புத்தம்புதிதாக வெளியே வந்திருந்தது. நிமிர்ந்து நின்றாள். அவள் இவ்வளவு உயரமா என்று மாமியாரே அன்றுதான் பார்த்தாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கன்யலெங் கூட்டம் சுகாதார நிலையத்துக்குள் புகுந்தது.

இரண்டு பெஞ்சும் நிரம்பியிருந்தன. கால் விரலில் மண்வெட்டி பட்ட ஃபமாராவும் கட்டுப்போட வந்து, எந்த மரம் என்று தெரியாமல் சுவரோரம் நின்றிருந்தான். ஓட்டைக் குடுவை ஒரு வெள்ளை அரிசிச்சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் துளை போட்டு மாட்டியிருந்தாள். இடுப்பில் ஆட்டெலும்புகளைச் சாவிக்கொத்தாகக் கட்டியிருந்தாள். மோவாய் முதலில், இடுப்பு பின்னால் வரும் அந்த நடை, சாவி குலுங்கும் அந்தத் தோரணை. உள்ளே மருந்து எடுத்துக்கொண்டிருந்த உண்மையான சிஸ்டர் சன்னல் வழியே தன்னையே பார்த்துத் திடுக்கிட்டாள்.

தீடா, வயிற்றில் ஒரு முழுச் சுரைக்காயைப் பழந்துணியால் கட்டிக்கொண்டு, முனகியபடி வந்தாள்.

"வேணுமா வேண்டாமா? சீக்கிரம் சொல்லு! எனக்கு ரெண்டு மரம், ஒரு வாய்!"

"வேணும் சிஸ்டர்."

"மாமரம்!"

தீடா ஓடிப்போய் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். "இப்ப வேண்டாம் சிஸ்டர்."

"வேப்பமரம்!"

"அப்புறமா வேணும்."

"மாமரம்!"

"புருஷன் மூஞ்சியப் பாத்தா வேண்டாம்னு வருது."

"வேப்பமரம்!"

"மாமியா மூஞ்சியப் பாத்தா வேணும்னு வருது."

"மாமரம்! அடியே, உன் மனசுல சக்கரம் இருக்கா?"

"அந்தப் புருஷனே தூங்கறப்போ பாத்தா, அடடா, அவனாட்டம் ஒண்ணு இருந்தா என்னன்னு..."

"எங்கயும் போகாதே! அப்படியே நில்லு!"

மற்றப் பெண்கள் பெஞ்சுகளிலிருந்தவர்களை எழுப்பி, இரண்டையும் இழுத்து வந்து சேர்த்துப் போட்டார்கள். தீடா இதில் பாதி, அதில் பாதியாக உட்கார்ந்தாள். ஆளுக்கொரு பக்கம் பெஞ்சை இழுத்தார்கள். அந்தப் பெரிய உடம்பு நடுவில் இறங்கிற்று. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சிஸ்டர் ஃபிலோமினா வாசற்படியில் உட்கார்ந்தே விட்டாள். சிரித்த சிரிப்பில் தலைத்துணி கழன்று மடியில் கிடந்தது.

அப்போது துணி கிழிந்து சுரைக்காய் தரையில் விழுந்து உடைந்தது.

அது கூத்தில் இல்லாதது. விதைகள் மண்ணில் சிதறின. சிரிப்பு ஓரங்களிலிருந்து அணைந்துகொண்டே வந்தது. ஓட்டைக் குடுவை மண்டியிட்டாள். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டாள். பிறகு பேசினாள். கோழிகள் இருந்தன, ஆனால் அன்று அவற்றை யாரும் விரட்ட வேண்டியிருக்கவில்லை.

"சுரைக்கா மேல தப்பில்ல. கட்டின துணி நைஞ்சு போச்சு. நைஞ்ச துணியில மறுபடி மறுபடி கட்டாதீங்கன்னேன். துணி தேறற வரைக்கும் கொஞ்சம் பொறுங்கன்னேன். சுரைக்கா வேண்டாம்னா சொன்னேன்? ஒரு நாளாவது சொன்னேனா?"

சுவரோரம் நின்ற ஃபமாரா தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். விரலில் அப்படிப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. யாருக்கும் கோபம் வரக் கூடாது என்பது சட்டம். அழக் கூடாது என்று சட்டம் இல்லாததால் சிலர் அதைச் செய்தார்கள்.

"ஏன்டி, சுரைக்காய்க்கு இவ்வளவு பேசறியே, என் இடுப்பு ஒடிஞ்சதுக்கு ஒரு வார்த்தை உண்டா?" என்று தரையிலிருந்து தீடா கத்தினாள். எல்லாரும் மறுபடி சிரித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

வெயில் சாய்ந்து கூட்டம் கலைந்ததும் சிஸ்டர் ஜராயைக் கூப்பிட்டாள். பெஞ்சுகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு வெறுந்தரையில் உட்கார்ந்து, பக்கத்து மண்ணைத் தட்டினாள்.

"இப்படி உக்காரு. வேணுமா வேண்டாமான்னு கேக்கல. எப்போ வேணும்?"

ஜராய் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வயிற்றைப் பற்றி ஊரே கேட்டிருக்கிறது. இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள்.

"இந்த மழைக்கு நான் சேத்துல இறங்கித்தான் ஆகணும். இது போகட்டும். அடுத்த அறுப்பு முடிஞ்சு, வீட்ல நெல்லு இருக்கறப்போ, எனக்கும் கொஞ்சம் சதை போட்டிருக்கறப்போ... அப்போ வயித்துல தங்கினா போதும்."

"அப்போ உனக்கு ஊசி கூடாது."

"மறுபடியுமா சிஸ்டர்!"

"முழுசாக் கேளுடி. ஊசிய நிறுத்தினாலும் அது உடம்ப விட்டு எப்போ இறங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. சில பேருக்குச் சீக்கிரம். சில பேருக்கு அடுத்த கடலையும் வித்துப் போயிடும். நீ காத்திருப்பே, உன் புருஷனோட அண்ணன் காத்திருப்பாரா? மாத்திரைன்னா தினம் ஒண்ணு. நீ நிறுத்தினா அதுவும் கிளம்பிடும்."

ஜராய்க்கு அந்த இரவல் பையனின் நினைவு வந்தது. காதோரம் மச்சமுள்ள அந்தப் பையனை எத்தனை முறை மனதுக்குள் வைதிருக்கிறாள்!

"அன்னைக்கு அவன் மட்டும் வாய மூடிட்டு இருந்திருந்தா..."

"நான் சந்தோஷமா குத்தி அனுப்பியிருப்பேன்" என்றாள் சிஸ்டர்.

இருவரும் வேப்பமரத்துப் பெஞ்சைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்கள். மனிதர்கள் கூடி வகுத்த அவ்வளவு சீரான ஏற்பாட்டைத் தாண்டி, பேச்சு வராத ஒரு குழந்தையின் அழுகை அவளைக் காப்பாற்றியிருந்தது.

"மூணும் போனதைத் தீடா சொன்னா. ரெண்டாவது ஏன் அழலன்னு யாராவது பாத்தாங்களா?" என்று சிஸ்டர் கேட்டாள்.

"இல்ல."

"பாக்கணும். உன் ரத்தத்தையும் பாக்கணும், உன் புருஷன் ரத்தத்தையும் பாக்கணும். அடுத்த பிரசவம் இங்க இல்ல, பெரிய ஆஸ்பத்திரியில."

ஜராய் தலையாட்டினாள். அப்புறம், புதிதாக வந்த குரல் சும்மா இருக்குமா, "சிஸ்டர், நீங்க எந்தப் பெஞ்சு?" என்று கேட்டுவிட்டாள்.

ஃபிலோமினாவுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறவள். சிஸ்டர் சாவிக்கொத்தைக் கொஞ்ச நேரம் உருட்டினாள். "பாதிரியார்கிட்ட ஒண்ணு சொல்றேன். எங்க அம்மாகிட்ட வேற சொல்றேன். நிஜத்தைச் சொன்னா, நானும் நின்னுட்டுதான்டி இருக்கேன்."

அன்று மாலை ஃபமாரா டீக்குப் போகவில்லை. முற்றத்துக் கோழிகளை ஒன்று விடாமல் வேலிக்கு வெளியே விரட்டினான். கிடாவை மட்டும் விட்டுவைத்தான். பிறகு ஜராய்க்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இப்ப சொல்லு" என்றான். அவளுக்கு இனிமேல் அந்த வசதியெல்லாம் தேவையில்லை என்று அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. அவளும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவன் ஓடி ஓடிக் கோழி விரட்டியது பார்க்க நன்றாக இருந்தது.

கடலை விற்றது. அண்ணன் பெண் பார்க்கக் கிளம்பிய அன்று காலை கன்யலெங் கூட்டம் அவர் முற்றத்தில் வந்து இறங்கி, பானையில் இருந்ததையெல்லாம் தின்று, மாப்பிள்ளை அவர்தானா என்று பாட்டுப் பாடிக் கேட்டது. கோபித்துக்கொள்ளக் கூடாதே. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தவர்தான், அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சுகாதார நிலையத்தில் இரண்டு பெஞ்சும் மாமரத்தடியிலேயே ஒட்டிக் கிடந்தன. ஏன் என்று கேட்ட மேலதிகாரிக்கு, "நிழல் அங்கதான் சார்" என்றாள் சிஸ்டர்.

ஒரு மழை போயிற்று. அடுத்த அறுப்பு முடிந்து குதிர் நிறைந்தது. ஜராய் மாத்திரையை நிறுத்தினாள். அடுத்த வருடம், நாற்றுக்குச் சேற்றில் இறங்காமல், மாமியாரை வயலுக்கு அனுப்பிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறினாள். பிறந்தவன் அழுதான். அப்படி அழுதான் என்று கூடப்போன தீடா ஊர் முழுக்க நடித்துக் காட்டினாள்.

ஏழு நாளும் அந்த வீட்டில் யாரும் சத்தமாக மூச்சுவிடவில்லை. ஃபமாரா கத்தியைத் தீட்டப் பயந்தான். கிடாவை யாரும் நேராகப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் விடிந்தது. பிள்ளை கொட்டாவி விட்டது.

இமாம் வருவதற்கு முன் கன்யலெங் பெண்கள் டின் மாலைகளைக் குலுக்கிக்கொண்டு வந்து, பிள்ளையைப் பழைய சாக்கில் சுற்றி, ஊர்க் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய் உமியும் சாம்பலும் கிடந்த இடத்தில் வைத்தார்கள். ஜராயும் சாக்கு உடுத்தி எதிரே நின்றாள். "எவ்வளவு அசிங்கம்! தவளை மாதிரி!" என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி, சாவின் காதில் விழும்படி, அவனைப் பழித்தார்கள். விருந்துக்கு வந்திருந்த சிஸ்டரைத் தீடா முன்னால் பிடித்துத் தள்ளினாள்.

"ஏ மெண்டி வீட்டுப் பொண்ணே! உன் கேள்வியக் கேளு. இன்னைக்குத்தான் அதுக்கு வேளை."

சிஸ்டர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். சிரமப்பட்டுக் கேட்டாள். "ஏன்டி... குழந்தை வேணுமா, வேண்டாமா?"

ஜராய் நிமிர்ந்து நின்றாள். மார்பில் பால் ஊறிச் சாக்கு இரண்டு இடத்தில் நனைந்து பரவிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்" என்றாள், ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும் குரலில். "இது யாருக்கு வேணும்? நாய்கூட மோந்து பாக்காது. நான் பாக்கவே இல்ல, எனக்குத் தெரியாது, கெடக்கட்டும்!"

சிஸ்டர் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள்.

தீடா குனிந்து மூட்டையைத் தூக்கினாள். "யாரோ போட்டுட்டுப் போன குப்பை. சரி, நான் எடுத்துக்கறேன். சுலுன்னு கூப்பிடுவோம், கழுதைப்புலி பேரு போதும் இதுக்கு. ஆனா என்கிட்ட பால் இல்லியே. ஏ ஓட்டைக் குடுவை, கூலிக்குப் பால் குடுப்பியா?"

"என்ன கூலி?"

"ஒரு கோலாக்கொட்டை."

"அழகான பிள்ளைன்னா முழுசு கேட்டிருப்பேன். இதுக்குப் பாதிக் கொட்டை போதும்" என்றாள் ஜராய். பேரம் முடிவதற்குள் பிள்ளை அவள் கைக்குப் போய்விட்டிருந்தது.

வீட்டு முற்றத்தில், இத்தனை வருடங்களில் முதன்முறையாக, கிடா கத்தியது.